ஜிப்ஸியில் எஃப்ஐ: 3000 ஆர்பிஎம் விக்கல் தீர்ந்த விதம்

என்னுடையது 1998 மாருதி ஜிப்ஸி, கார்ப்பரேட்டர் வண்டி. பெங்களூரில் எஃப்ஐ கிட் (ஃப்யூவல் இன்ஜெக்ஷன், கார்ப்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைத் தெளிப்பது) பொருத்தியதும் ஐடிலில் அருமையாக நின்றது. 3000 ஆர்பிஎம் தாண்டினால் மட்டும் விக்கி விக்கி ஓடியது.

பெட்ரோல் பிரஷர் பார்த்தோம். புது எலெக்ட்ரிக் பம்ப் 3 பாரில் நின்றது, கேஜ் முள் அசையவே இல்லை.

இசியு எனும் இன்ஜின் கம்ப்யூட்டரின் பதிவை (லாக்) லேப்டாப்பில் எடுத்தபோதுதான் பிடிபட்டது. வண்டி விக்கும் அதே நொடியில் ஆர்பிஎம் கோடு 7000க்குத் தாவி இறங்கியது. எந்த இன்ஜினும் அப்படித் தாவாது. அல்சூர் மெக்கானிக் அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார்: இன்ஜின் சுழலும் வேகத்தை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் வயர், ஸ்பார்க் பிளக் வயரை ஒட்டியே போகிறது. "தம்பி, ஸ்பார்க் சத்தமெல்லாம் இதுல ஏறுது பாருங்க" என்றார். சத்தம் என்று அவர் சொன்னது மின் இரைச்சலை; அதைத்தான் இசியு ஆர்பிஎம் என்று தப்பாக எண்ணியிருக்கிறது. ஷீல்டு வயர் (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை போட்டது) வாங்கி மறுபக்கமாகக் கொண்டுபோய், ஷீல்டை இசியு முனையில் மட்டும் எர்த் செய்தோம். இரு முனையிலும் எர்த் கொடுத்தால் ஷீல்டிலேயே கரண்ட் ஓடும். மின் இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஸ்பார்க் பிளக்கும் போட்டோம். விக்கல் போயே போய்விட்டது.

அப்புறம்தான் டியூனிங். புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் இத்தனை பங்கு காற்று என்ற கணக்கில், சீரான ஓட்டத்துக்கு 14.7, முழு த்ராட்டிலுக்கு 12.5 வைத்தோம். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி பக்கம் இறங்கினாலும் மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) சொல்வதை வைத்து இசியு கலவையைத் தானே சரிசெய்துகொள்கிறது.