ஸ்காட்லாந்து ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

நான் பிறந்தது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள க்ளென்கோ. அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. பக்கத்து ஊர் டண்டீ. இரண்டும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பெயர்கள். 1692இல் மெக்டொனால்டு குலத்தாரைக் கொன்று போட்ட இடம், அதனால் க்ளென்கோ என்றால் அழுகைப் பள்ளத்தாக்கு என்று சின்ன வயதில் கேட்டு, நெடுநாள் நம்பியிருந்தேன். அது தவறு. க்ளென் பள்ளத்தாக்கு, கோ அதில் ஓடும் ஆறு. கொலைக்கு முன்பே அந்தப் பெயர் இருந்தது. கதை உருக்கமாக இருந்தால் இன்னும் ஒருமுறை சரிபாருங்கள்.

முதலில் பெயரைப் பிரிக்க வேண்டும். நம் பெயர்களில் ஊர், பட்டி, பாளையம் கடைசியில் வரும். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் பெரும்பாலும் தலைகீழ், பொதுச்சொல் முன்னால் நிற்கும். இன்வர் என்றால் ஆற்றுமுகம். இன்வர்னெஸ், நெஸ் ஆறு போய்ச் சேரும் இடம். ‘பால்’ என்றால் சிற்றூர், ‘டன்’ கோட்டை, ‘ட்ரம்’ நீண்ட மேடு. எங்கே பிரிப்பது என்று குழம்பினால் உள்ளூர்க்காரர் வாயைக் கவனியுங்கள். அழுத்தம் பின்சொல்லில் விழும்: இன்வர்-னெஸ். கில் வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். கில்பிரைடில் அது பிரைடு என்ற புனிதையின் கோயில், கில்லிகிராங்கியில் காடு.

அப்புறம் எழுத்து. என் பூட்டன் வந்த கப்பலின் பதிவேட்டில் தாலுகா ‘வாண்டிவாஷ்’ என்று இருந்தது. வாய்விட்டு நாலு தரம் சொன்ன பிறகுதான் அது வந்தவாசி என்று பிடிபட்டது. ஸ்காட்லாந்திலும் இதே கதை. எழுத்துக்கூட்டினால் ‘கல்சியன்’ என்று வரும் ஒரு கோட்டையை ‘கலேன்’ என்கிறார்கள். அங்கே பேசும் இன்னொரு மொழியான ஸ்காட்ஸின் பழைய எழுத்து ‘யோக்’குக்கு அச்சு இல்லாததால், அச்சகத்தார் அதே சாயலில் இருந்த ஆங்கில ‘இசட்’டைப் போட்டுவிட்டார்கள்.

ஆகவே ஒரே எழுத்துமுறையோடு நிற்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டன் வரைபடத் துறையின் அளவையாளர்கள் எழுதிய பெயர்ப் புத்தகங்களை இணையத்தில் பார்க்கலாம். ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதினார்கள், யார் சொல்லி எழுதினார்கள் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். எனக்கு அந்த இரண்டாவது கட்டம்தான் முக்கியம். பாதிரியாரும் நிலக்கிழாரும் சொன்னதுதான் பெரும்பாலும் ஏறியது. எழுதியவர்களில் பலருக்குக் கேலிக் தெரியாது.

கடைசியில் வரைபடத்தை விரித்து நிலத்தைப் பாருங்கள். ட்ரம் என்று பிரித்த இடத்தில் மேடே இல்லையென்றால், மறுபடி பிரியுங்கள்.