வளர்ப்பு எலி ஓயாமல் சொறிகிறதா? மைட்டைக் கண்டுபிடித்து விரட்டும் வழி

எலி தன்னை நக்கிச் சுத்தம் செய்வதும் நடுநடுவே காலைத் தூக்கிச் சொறிவதும் சாதாரணம்தான், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் கையில் பிடித்திருக்கும் கடலையைப் பாதியில் கீழே போட்டுவிட்டுச் சொறிய ஆரம்பிக்கிறது, அப்புறம் தூக்கத்திலிருந்து எழுந்து எழுந்து சொறிகிறது என்றால், மைட் என்ற பொடி ஒட்டுண்ணிப் பூச்சி இருக்கிறதா என்று தோலைப் பார்த்தாக வேண்டும்.

படி 1: தடவிப் பாருங்கள்

கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும். எலியை மடியில் வைத்துக்கொண்டு, ரோமத்தை வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கமாக மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால், தோள்பட்டை, கழுத்து, காதுக்குப் பின்புறம், தாடைக்கு அடியில் எல்லாம் ரவையைத் தொட்ட மாதிரி சின்னச் சின்னப் பொருக்குகள் தட்டுப்படும். பின்னங்கால் நகம் எட்டுகிற இடங்கள் இவை. பொருக்குகள் பெரும்பாலும் மைட் கடித்து வந்தவை அல்ல, அரிப்பு தாங்காமல் எலியே கீறிக்கொண்டவை.

ஆண் எலியின் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் செதிலும் இருந்தால் அது மைட் இல்லை, பருவம் வந்த ஆண் எலிகளுக்கு வருவது. கண்ணோரமும் மூக்கிலும் சிவப்பாக வழிவதும் ரத்தம் இல்லை, போர்ஃபிரின் என்ற நிறமி. ஆனால் அது அதிகமாக இருந்தால் எலிக்கு வேறு ஏதோ உடம்பு சரியில்லை அல்லது மன அழுத்தம் என்று அர்த்தம்.

படி 2: எந்த வகை என்று பாருங்கள்

அதிகம் வருவது ராட்ஃபோர்டியா என்ற ரோம மைட். வெறும் கண்ணுக்கு லேசில் தெரியாது. செல்லோடேப்பை ரோமத்தைப் பிரித்துத் தோலில் ஒற்றி எடுத்து டாக்டரிடம் கொண்டு போனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுவார். ஒன்றும் தெரியாவிட்டாலும் மைட் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, அதனால் அறிகுறியை வைத்தே சிகிச்சை தொடங்குவதும் உண்டு.

காது ஓரம், மூக்கு, வாலில் மரு மாதிரி மஞ்சள் நிறப் பொருக்கு தடித்து வளர்ந்தால் அது தோலைக் குடைந்து போகும் நோட்டோஎட்ரிஸ் வகை. முடியில் ஈறு ஒட்டியிருந்தால் அது பேன்.

எரிச்சலூட்டுவது ஆர்னித்தோனிசஸ் பகோட்டி என்கிற ரத்தம் குடிக்கும் மைட்தான். அது எலியின் மேல் குடியிருக்காது. குடித்துவிட்டுக் கூண்டு இடுக்கிலும் சுவர் விரிசலிலும் போய் ஒளிந்துகொள்ளும், உங்களையும் கடிக்கும். பரணில் திரியும் வீட்டு எலிகளிடமிருந்தும் இது வரலாம். ராத்திரி கூண்டில் ஒரு வெள்ளை டிஷ்யூ விரித்து வைத்துக் காலையில் பாருங்கள், நகரும் சிவப்புப் புள்ளியை நசுக்கினால் ரத்தக்கறை படியும்.

படி 3: மருந்துக்கு முன்னால் எடை

இங்கேதான் கவனம் தேவை. மைட்டால் எலி சட்டென்று செத்துப்போவது அபூர்வம், கண்ணளவில் கொடுத்த மருந்தால் செத்துப்போகும்.

மைட்டைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்தைப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். 0.2 என்றே வைத்துக்கொண்டால் 300 கிராம் எலிக்கு 0.06 மில்லிகிராம். ஆடு மாட்டுக்கு விற்கும் 1% ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது, அதாவது உங்களுக்கு வேண்டியது 0.006 மில்லி, இன்சுலின் சிரிஞ்சில் ஒரு கோடுகூட வராது. மெடிக்கலில் கிடைக்கும் 12 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இப்படி 200 எலிக்கான மருந்து இருக்கிறது. உடைத்து ஒரு துணுக்கு கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எனவே சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, அதில் எலியை விட்டு எடை குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் நீர்த்துக் கொடுப்பார், அல்லது பிடரியில் விடும் செலமெக்டின் சொட்டு மருந்து கொடுப்பார். சொட்டு மருந்து என்றால் காயும்வரை எலிகளைத் தனித்தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று நக்கிவிடும். சினையாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துக்குப் பிறகு தள்ளாடினாலோ நடுங்கினாலோ உடனே திரும்பக் கொண்டு போங்கள்.

ஒரு எலிதான் சொறிகிறது என்றாலும் கூண்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் மருந்து வேண்டும்.

வேப்பெண்ணெய், டீ ட்ரீ ஆயில், அந்துருண்டை, நாய்க்கான உண்ணி மருந்து எதுவும் வேண்டாம். எலி உடம்பில் தடவியது எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போகும்.

படி 4: கூண்டு

படுக்கையை முழுக்கக் கொட்டிவிட்டு, கூண்டை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். துணி ஊஞ்சலைச் சுடுதண்ணீரில் துவையுங்கள், கடித்துக் குதறிய மரச்சாமான்களைத் தூக்கிப் போடுங்கள். சிகிச்சை முடியும்வரை வெறும் டிஷ்யூ பேப்பர் விரித்தால் போதும். ரோம மைட் எலி மேலேயே வாழ்வதால் இதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை, ரத்தம் குடிக்கும் வகை என்றால் கூண்டைச் சுற்றியுள்ள இடுக்குகளையும் வாக்யூம் போட வேண்டும். கூண்டுக்குள் பூச்சி ஸ்ப்ரே அடிக்காதீர்கள்.

எலியின் படுக்கைக்குத் தச்சுப் பட்டறையிலிருந்து மரச்சீவல் வாங்குபவராக இருந்தால், புதிதாக வாங்கியதை 2 நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதிலும் பைன், சிடார் மரத்தூள் எலியின் மூச்சுக்கு ஆகாது.

படி 5: மறுபடியும் மருந்து

பொருக்கு ஆறிவிட்டது என்று முதல் தடவையோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அடுத்த மாதம் மறுபடி வந்து நிற்பார்கள். மருந்து முட்டையைக் கொல்லாது, பொரித்து வருவதைப் பிடிக்கத்தான் 7 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை கொடுப்பது. நடுவில் பின்னங்கால் நகத்தின் நுனியை மட்டும் லேசாக வெட்டிவிட்டால் புதுக் காயம் குறையும்.

எல்லாத் தவணையும் முடிந்தும் சொறிந்தால் அது மைட்டாகவே இல்லாமல் இருக்கலாம். வட்டமாக முடி கொட்டி, உங்கள் கையிலும் அதே மாதிரி வட்டம் வந்திருந்தால் படர்தாமரைக்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அதற்கு ஐவர்மெக்டின் கேட்காது.