வீவக வீட்டில் சின்னக் குளம்: தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஒரு அல்லி, நாலு மீன், கொஞ்சம் பாசி. சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டிலும் வெயில் படும் பால்கனி மூலை இருந்தால் குளம் தயார். வைப்பது சுலபம்தான். சில வாரங்களில் தண்ணீர் பச்சையாகி வாடை அடிக்க ஆரம்பித்ததும்தான் பலர் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் கவனக்குறைவு இல்லை, அதிகமாகக் கழுவுவதும் அதிகமாகத் தீனி போடுவதும்தான்.

1. தொட்டி

குறைந்தது 40 லிட்டர் பிடிக்கும், வாய் அகன்ற தொட்டியாக வாங்குங்கள். சின்னத் தொட்டி மதிய வெயிலில் சீக்கிரம் சூடாகிவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். பிளாஸ்டிக்கும் சரி, உள்ளே பளபளப்புப் பூசிய பீங்கான் ஜாடியும் சரி. பூச்சு இல்லாத புது சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பு கசியும், வேண்டாம். 50 லிட்டர் தண்ணீர் என்றால் 50 கிலோ கனம், ஆகவே நிரப்பும் முன்பே இடத்தை முடிவு செய்யுங்கள். வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் வைப்பதென்றால் ஆள் நடக்க 1.2 மீட்டர் அகலம் விட வேண்டும், அது தீப்பாதுகாப்பு விதி.

2. செடி

அல்லியைத் தனிச் சட்டியில் நட்டு, சட்டியோடு தண்ணீருக்குள் இறக்குங்கள். களிப்பான தோட்ட மண்தான் வேண்டும். கடையில் பையில் விற்கும் பூந்தொட்டிக் கலவை மேலே மிதந்து வந்து அழுகும். மண்ணுக்கு மேல் கழுவிய கூழாங்கல்லைப் பரப்பிவிடுங்கள். கூடவே ஒரு கைப்பிடி வேலம்பாசி, அதாவது தண்ணீருக்குள்ளேயே வளரும் செடி, போடுங்கள். தண்ணீரில் மிஞ்சும் சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

3. குழாய்த் தண்ணீர்

‘வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும்’ என்று ஊரில் சொல்லிக் கேட்டிருப்போம். இங்கே அது எடுபடாது. இங்கே தண்ணீர் விநியோகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. அது லேசில் ஆவியாகாது. நாம் குடிக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் மீனின் செவுளை அது அரித்துவிடும்.

அதனால் மீன் கடையில் ‘ஆண்ட்டி-குளோரின்’ கேட்டு வாங்குங்கள். குளோரமினையும் நீக்கும், அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் என்று புட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குளோரினை மட்டும் நீக்குவது விலை குறைவாக இருக்கலாம், ஆனால் அம்மோனியா தண்ணீரிலேயே தங்கிவிடும். அளவு புட்டியிலேயே இருக்கும். தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும் முன்பே, வாளியிலேயே கலந்துவிடுங்கள்.

4. மீன்

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அதைச் செடி சாப்பிட்டுக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் பெருகி நிலைக்க 3 முதல் 6 வாரம் பிடிக்கும். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் அம்மோனியா இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது.

புத்தகப்படி அதுவரை மீன் விடக்கூடாது. ஆனால் சிங்கப்பூரில் மீன் இல்லாத தண்ணீரை ஒரு மாதம் திறந்து வைத்தால் கொசுதான் வளரும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாக ஒரு வாரம் போதும். ஆகவே என் யோசனை: செடி வைத்த மூன்று, நான்கு நாளில் இரண்டு ஆண் கப்பிகளை (சின்ன வண்ண மீன்) விடுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னும் மூன்று, நான்கு. ஆண் மட்டும்தான், சிறிய உடம்பும் பெரிய வண்ண வாலுமாக இருப்பது. பெண் ஒன்று வந்தாலும் குட்டி போட்டுத் தொட்டி நிரம்பிவிடும். தங்கமீன் வேண்டவே வேண்டாம்.

தீனி, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. சந்தேகமாக இருந்தால் அன்று போடாமல் விடுங்கள், கப்பி பட்டினி கிடக்காது, பாசியையும் கொசுப்புழுவையும் கொத்திக்கொள்ளும்.

5. வாரம் ஒரு முறை

ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மொண்டு எடுத்து, ஆண்ட்டி-குளோரின் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் நல்ல உரம். ஆனால் சட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்க விடாதீர்கள். கொசு இருக்கிறதா என்று சோதிக்கத் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்தால் குளத்தைவிட அந்தத் தட்டைத்தான் முதலில் பார்ப்பார். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரையும் துணியால் துடைத்துவிடுங்கள், ஏடிஸ் அங்கேதான் முட்டையிடும். தண்ணீருக்குள் இருக்கும் சுவரில் விரலை வைத்தால் பழுப்பாக வழவழவென்று இருக்கும். அதைத் தேய்க்க வேண்டாம், பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். பழுத்த அல்லி இலையைக் காம்போடு கிள்ளி வெளியே போடுங்கள்.

6. ஏதாவது கோளாறு என்றால்

விடியற்காலையில் எட்டிப் பாருங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் போதவில்லை. செடிகளும் பாசியும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் அந்த நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். வேலம்பாசியில் பாதியை அள்ளி எடுங்கள், கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், தீனியை நிறுத்துங்கள். பகலிலும் அப்படியே இருந்தால் அம்மோனியா சோதனைப் பட்டை வாங்கிப் பார்க்கலாம்.

தண்ணீர் பச்சையானால் பதற வேண்டாம், மீனுக்கு அதனால் பொதுவாகக் கெடுதல் இல்லை. வெயிலும் சத்தும் மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். முழுவதும் மாற்றினால் மறுபடியும் பச்சைதான் வரும். மேற்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடும் வரை கொஞ்சம் ஆகாயத்தாமரையை மிதக்க விடுங்கள்.

அது வேகமாகப் பெருகும். மிஞ்சியதைக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ செடியையும் கொட்டாதீர்கள், மீனையும் விடாதீர்கள். மீனை விடுவது சட்டப்படி குற்றமும்கூட. அதிகமான கப்பியைக் கேட்டு வாங்கிக்கொள்ள புளோக்கில் யாராவது இருப்பார்கள்.