ஸ்னோமொபைலில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது: முதல்முறை செய்கிறவர்களுக்கு

பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியின் எஞ்சின் வேலை பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் தொட வேண்டியது, பெட்ரோல் கலவையைத் தீப்பொறியால் பற்றவைக்கும் பிளக்தான் என்பேன். அரை மணி நேர வேலை, கருவிகளும் குறைவு. ஊர் கண்ணுக்கெட்டாத பனிவெளியில் வண்டி நின்றுபோனால், கூட இருக்கும் இரண்டு புது பிளக்கும் அதை மாற்றத் தெரிந்த கையும்தான் வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

இந்த வேலையில் பெரிய சேதம் வரக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: சிலிண்டர் ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல்மூடியில், பிளக் ஏறும் மறை (திருகு வரி). ஹெட் அலுமினியம், பிளக் எஃகு. பிளக் கோணலாக ஏறினால் வெட்டுப்படுவது ஹெட்டின் மறைதான். நிதானமாகச் செய்யச் சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

எந்த பிளக் வாங்குவது

வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்ணை அப்படியே வாங்குங்கள். பல டூ-ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் வகை) ஸ்னோமொபைல்களில் வரும், என்ஜிகே கம்பெனியின் பிஆர்9இஎஸ் பிளக்கை எடுத்துக்கொள்வோம். 'பி' என்பது 14 மில்லிமீட்டர் மறை. 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. அது இல்லாத பிளக்கைப் போட்டால் வண்டியின் மின்னணுப் பகுதிகளுக்கு இடைஞ்சல் வரும். 9 என்பது வெப்ப எண். என்ஜிகேயில் இந்த எண் ஏற ஏற பிளக் வெப்பத்தைச் சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்தி, குளிர்ச்சியாக ஓடும். சாம்பியன் கம்பெனியில் கணக்கு நேர் எதிர், அதனால் எண்ணை மட்டும் பார்த்து மாற்றிப் போடாதீர்கள். 'இ' என்பது மறைப் பகுதியின் நீளம், 19 மில்லிமீட்டர். அதைவிட நீளமான பிளக் பிஸ்டனில் இடிக்கலாம்.

இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கழற்றுவது

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூடான அலுமினியத்திலிருந்து பிளக்கைத் திருகினால் மறையும் கூடவே பிய்ந்து வரலாம். சாவியை எடுத்து, டெதர் கயிற்றையும் (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) கழற்றி வைத்துவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். குளிரில் பிளாஸ்டிக் சட்டென்று உடையும். கிளிப்புகளை முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம்.

ஒயரின் முனையில் பிளக்கை மூடியிருக்கும் பிளக் கேப்பைப் பிடித்து லேசாகத் திருகியபடி மேலே இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கம்பி விட்டுப்போகும். எந்த ஒயர் எந்த சிலிண்டருக்கு என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பலர் தாண்டிப் போய்விடும் வேலை. பிளக்கைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மண், பனி, உருகிய தண்ணீர் எல்லாம் இருக்கும். காற்றடித்தோ துணியால் துடைத்தோ சுத்தம் செய்த பிறகுதான் ஸ்பேனரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பிஆர்9இஎஸ் வகைக்கு 21 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட் பொருந்தும். நேராக வைத்து இடப்பக்கம் திருப்புங்கள். பிளக் வெளியே வந்ததும் துளையைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள்.

பழைய பிளக்கைப் பாருங்கள்

தூக்கிப் போடுமுன் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான்; திறந்து பார்க்க முடியாத எஞ்சினின் உள்பக்கம் கையிலேயே வந்து நிற்கிறது. நடு மின்முனையைச் சுற்றியுள்ள பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்தே எரிவதால் இது அடிக்கடி வரும். வெளுத்துப்போய், மேலே சின்னச் சின்ன உலோகப் பொட்டுகள் தெரிந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, பிஸ்டன் உருக ஆரம்பித்திருக்கலாம். புது பிளக் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இரண்டு பிளக்கும் வெவ்வேறு நிறத்தில் வந்தால், ஒரு சிலிண்டரில் மட்டும் கோளாறு என்று அர்த்தம்.

இடைவெளி

நடு மின்முனைக்கும் வெளிப்பக்கத்து வளைந்த முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை, புது பிளக்கிலும் ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) வைத்து அளந்துவிடுங்கள். பெட்டி கீழே விழுந்திருந்தால் மாறியிருக்கும். பல டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், ஆனால் உங்கள் கையேடு சொல்வதே முடிவு. சரிசெய்ய வேண்டுமானால் வெளிப்பக்கத்து வளைந்த முனையை மட்டும் தொடுங்கள்.

அப்படியே பிளக்கின் தலையில் உள்ள சின்ன நட்டையும் பாருங்கள். சில கேப்புகளுக்கு அது வேண்டும், சிலவற்றுக்கு அதைக் கழற்ற வேண்டும். பழைய பிளக்கில் எப்படி இருந்ததோ அப்படியே வையுங்கள்.

பூட்டுவது

பிளக்கை ஏற்றும்போது ராட்செட்டை (சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடி) தொடவே கூடாது. விரல்தான். கை எட்டாத இடமாக இருந்தால், ஒரு சாண் ரப்பர் பெட்ரோல் குழாயை பிளக்கின் தலையில் செருகி, குழாயைத் திருப்பி ஏற்றுங்கள். பிளக் கோணலாக மாட்டினால் குழாய் வழுக்கிச் சுற்றுமே தவிர, மறையை வெட்டும் அளவுக்கு அதற்கு பலம் கிடையாது. முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பிப் பாருங்கள். 'டக்' என்று மறை இறங்கி உட்காருவது விரலுக்கே தெரியும். அப்புறம் வலப்பக்கம். வாஷர் ஹெட்டில் உட்காரும் வரை தடையில்லாமல் போக வேண்டும். நடுவில் இறுகினால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள், எத்தனை முறை ஆனாலும் சரி.

விரலால் முழுதும் இறங்கிய பிறகு சாக்கெட் வைத்து அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். வாஷர் நசுங்கி அடைத்துக்கொள்ள அது போதும். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ஏற்கெனவே ஓடிய பிளக்கைத் திரும்பப் போடும்போது வாஷர் முன்பே நசுங்கியிருக்கும், சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மறையில் கிரீஸ் தடவாதீர்கள். வழுக்கல் கூடி, தெரியாமலேயே அதிகமாக முடுக்கிவிடுவோம்.

பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் சில டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், குறிப்பாக ஸ்கி-டூவின் ஈ-டெக்கில், மின்முனை எந்தத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதற்கே கணக்கு உண்டு. அந்த வண்டி என்றால் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தொடங்க வேண்டாம்.

கேப்பை 'கிளிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். மூடியைப் போட்டு, டெதரை மாட்டி, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு சிலிண்டரும் சீராக ஓடினால் சரி. தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டியது, கேப் முழுதாக இறங்கியிருக்கிறதா, ஒயர்கள் மாறிவிட்டனவா என்பதை.

இன்னொரு ஜோடி புது பிளக்கை, இடைவெளி பார்த்து, குலுங்காத சின்ன டப்பாவில் போட்டு, பிளக் ஸ்பேனரோடு சேர்த்து வண்டியின் டூல் பையில் வைத்துவிடுங்கள்.