பண்ணையில் குதிரையேற்றம் கற்கத் தொடங்குவோருக்கு

குதிரையேற்றம் கற்க வருபவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே சேணத்தில் அமர்ந்துவிட விரும்புகிறார்கள். ஆயினும் முதல் சில நாள்களைக் குதிரையின் அருகே தரையில் நின்று கழிப்பதே நல்லது. ஏறிய பிறகு நாம் தரப்போகும் குறிப்புகளைக் குதிரை புரிந்துகொள்ளப் பழகுவது தரையில்தான்.

குதிரை இரையாக வாழ்ந்து பழகிய விலங்கு. ஆபத்து என்று தோன்றினால் முதலில் ஓடும், பிறகுதான் திரும்பிப் பார்க்கும். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வரை அதனால் பார்க்க முடிந்தாலும், நெற்றிக்கு நேர் முன்னே சிறிது தூரமும் வாலுக்கு நேர் பின்னேயும் அதற்குத் தெரிவதில்லை. ஆகவே குரல் கொடுத்தபடியே இடது தோளை நோக்கிச் சாய்வாக நடந்து சென்று, முதலில் கழுத்தையோ தோளையோ தொட வேண்டும். பின்புறம் சுற்றிப் போக நேர்ந்தால் உடலில் கைவைத்து ஒட்டி நடக்கலாம், அல்லது உதை எட்டாத தூரத்துக்கு விலகிச் செல்லலாம். இடைப்பட்ட தூரமே ஆபத்தானது. காதுகள் பின்னோக்கித் தட்டையாகப் படிந்தால் அது எரிச்சலின் அடையாளம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் மடித்தே பிடிக்க வேண்டும். அரை டன் எடையுள்ள விலங்கு மிரண்டால் சுற்றிய கயிறு விரல்களை விடாது.

சேணம் வைப்பதற்கு முன் உடலைத் தேய்த்துவிட வேண்டும். முதுகிலோ வயிற்றுவார் படும் இடத்திலோ மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அங்கே புண் உண்டாகும். குளம்பைக் குதிகாலிலிருந்து நுனியை நோக்கிச் சுத்தம் செய்யும்போது, நடுவிலுள்ள முக்கோண வடிவ மென்பகுதியில் கருவியின் முனை குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழக்குதலின் அடிப்படை அழுத்தமும் தளர்வும்தான். கயிற்றை மெல்ல இழுத்துப் பிடித்துக் காத்திருங்கள். குதிரை ஓரடி முன்வைத்த கணமே விட்டுவிடுங்கள். எந்தச் செயலின்போது அழுத்தம் நீங்கியதோ அந்தச் செயலையே அது சரியென்று எடுத்துக்கொள்கிறது. எனவே முரண்டுபிடிக்கும்போது சலித்துப்போய்க் கயிற்றைத் தளர்த்துபவர் தம்மை அறியாமலே முரண்டைக் கற்றுக்கொடுக்கிறார். என் பார்வையில், குதிரைகளின் கெட்ட பழக்கங்கள் என்று சொல்லப்படுபவற்றில் பல இப்படித் தாமதமாகவோ தவறான நேரத்திலோ தளர்ந்த கைகளால் உண்டானவை. முன்செல்லல், நிற்றல், பின்வாங்கல், தோளை விலக்கல் ஆகிய நான்கையும் தினமும் கால் மணி நேரம் இம்முறையில் பழக்கினால் போதும்.

ஏறும் நாளில், நன்கு பொருந்தும் தலைக்கவசமும் சிறு குதிகால் உள்ள காலணியும் கட்டாயம். குதிகால் இல்லாத காலணி, பாதத்தை வைக்கும் வளையமான அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். வயிற்றுவாரை இறுக்கும்போது பல குதிரைகள் உடலை விறைத்து உப்பிக்கொள்ளும் என்பதால், சில அடிகள் நடத்திவிட்டு மீண்டும் இறுக்கிய பிறகே ஏற வேண்டும். இடப்பக்கம் ஏறுவது இடுப்பின் இடப்புறம் வாள் தொங்கிய காலத்து வழக்கம் என்பார்கள். வாள் போன பிறகும் வழக்கம் போகவில்லை.

காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் அமையட்டும். பாதத்தின் அகன்ற முன்பகுதி அங்கவடியில் பதிந்திருக்க, குதிகால் சற்றுக் கீழே இறங்கியிருக்க வேண்டும். முன்செல்லக் கெண்டைக்காலால் மெல்ல அழுத்தி, குதிரை நகர்ந்ததும் காலைத் தளர்த்துங்கள். நிறுத்த மூச்சை வெளியே விட்டு, சேணத்தில் ஆழ அமர்ந்து, விரல்களால் கடிவாள வாரை மூடிப் பிடித்து, நின்றதும் விடுங்கள். தரையில் கற்ற அதே பாடம்தான். சமநிலைக்காகக் கடிவாளத்தைப் பற்றித் தொங்குவது குதிரையின் வாயைப் புண்ணாக்கும். தடுமாறினால் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளலாம்.

சாதாரண நடையில் நான்கு அடித்தாளங்கள் கேட்கும். டிராட் எனப்படும் துள்ளுநடையில் இரண்டு, அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தில் மூன்று. டிராட்டில் ஒரு தாளத்துக்கு எழுந்து மறு தாளத்துக்கு அமர்வது வாய்விட்டு எண்ணினால் விரைவில் வசப்படும். அது கைகள் அசையாமல் வரும்வரை கேன்டருக்கு அவசரப்பட வேண்டாம்.

இறங்குவதற்கு முன் கடைசிப் பத்து நிமிடம் தளர்ந்த கடிவாளத்துடன் நடக்கவிடுங்கள். இறங்கியதும் வயிற்றுவாரைத் தளர்த்தி, முன்னங்கால்களுக்கிடையே மார்பில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தணிந்து மூச்சும் சீரான பிறகே லாயத்துக்குள் விட வேண்டும்.