முன்னரங்கை உடைப்பது எப்படி: புளியங்கொட்டையும் நூலும் வைத்து ஒரு விளக்கம்

அக்காவின் மகள் உயர்தரத்துக்கு வரலாறு படிக்கிறாள். போன கிழமை முதலாம் உலகப் போரைப் பற்றிக் கேட்டாள்: "மாமா, 1918இல ஜேர்மன்காரர் முன்னரங்கை உடைச்சுக்கொண்டுதானே போனவங்கள், பிறகேன் தோத்தவங்கள்?" கொப்பியில் கீறிக் காட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை. தரையில் புளியங்கொட்டை பரப்பியபோதுதான் எனக்கே பிடிபட்டது.

ஒரு சுண்டு புளியங்கொட்டை, வெண்கட்டி, தையல் நூல், கொஞ்சம் மெழுகு எடுங்கள். கணினி விளையாட்டு வேண்டாம், அதில் உணவும் ஷெல்லும் தானாக வந்து சேர்ந்துவிடும்.

1. கொட்டைகள்தான் படைகள். எதிரிக்கு மூன்று கோடுகள் கீறுங்கள். முன்கோட்டில் கொஞ்சக் கொட்டை, மிச்சம் பின்னால்.

2. உங்கள் கொட்டைகளை ஓரிடத்தில் குவியுங்கள், ஆனால் எதிரிக்குத் தெரியக்கூடாது. பிரான்சின் சொம் நதிக்கரையில் ஒரு கிழமை ஷெல் அடித்துவிட்டு 1916 யூலை 1இல் பிரித்தானியர் எழும்பிப் போனார்கள். ஜேர்மன்காரர் ஆழமான பங்கர்களில் காத்திருந்தார்கள், பல இடங்களில் முட்கம்பியும் அறவில்லை. ஒரே நாளில் இறந்த பிரித்தானியர் மட்டும் 19,000 பேருக்கு மேல்.

3. பலமான காவலரணோடு மினக்கெடாமல் சிறு குழுக்களாக இடைவெளியால் உள்ளே போங்கள், அதைப் பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 1918 மார்ச் 21இல், ஐந்து மணிநேர ஷெல்லடிக்குப் பிறகு, பனிமூட்டத்துக்குள் ஜேர்மன்காரர் செய்தது இதைத்தான்.

4. நான் சறுக்கியது இங்கேதான். உங்கள் பக்கம் ரயில் நிலையம் என்று ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து ஒரு சாண் நூலை இழுத்து முன்னுக்குப் போகும் கொட்டையில் கட்டுங்கள் (வழுக்கும், ஒரு சொட்டு மெழுகு விட்டு ஒட்டினால் நிற்கும்). உணவும் ஷெல்லும் வரும் வழிதான் இந்த நூல், அது முடிந்த இடத்தில் கொட்டையும் நிற்க வேண்டும். நீங்கள் ஒரு கொட்டை நகர்த்தினால் எதிரி இரண்டு வைக்கலாம், ஏனென்றால் அவன் ரயிலில் வருகிறான், நீங்கள் ஷெல் விழுந்து குழிகுழியான நிலத்தால் நடக்கிறீர்கள். ஜேர்மன்காரர் ஏறக்குறைய 60 கிலோமீற்றர் போயும் அமியன் ரயில் சந்தியைப் பிடிக்க முடியாமல் ஏப்ரல் 5இல் நின்றது இதனால்தான்.

பிற்சேர்க்கை: எதிரி நூலைப் பக்கவாட்டில் அறுத்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1917 நவம்பர் 20இல் பிரித்தானியர் பிரான்சின் கம்பிரே நகருக்குப் பக்கத்தில் நானூறுக்கு மேற்பட்ட டாங்கிகளோடு உடைத்துக்கொண்டு போனார்கள், 30ஆம் திகதி ஜேர்மன்காரர் பக்கவாட்டால் அடித்துப் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்தார்கள். ஆகவே நான்காம் படியில் இதையும் சேருங்கள்: நூல் இறுகத் தொடங்கியதும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வேறோர் இடத்தில் புது நூலோடு தொடங்குங்கள். 1918 ஓகஸ்ட் 8 முதல் நேச நாடுகள் (பிரித்தானியா, பிரான்ஸ் பக்கம்) அப்படித்தான் அடித்தன, நவம்பரில் போர் முடிந்தது.