எஞ்சினில் மாற்றம் செய்த பிறகு காற்று-எரிபொருள் கலவையைக் கண்காணிப்பது எப்படி

ஏர் இன்டேக், கேம், இஞ்செக்டர், டர்போ, ஹெடர் என எதை மாற்றினாலும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் கணக்கோ பெட்ரோலின் கணக்கோ மாறிவிடும். பழைய பாகங்களுக்கு எழுதிய கணக்கை வைத்துக்கொண்டுதான் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) பெட்ரோலை அளந்து விடுகிறது. கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) போனால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) வரும், பிஸ்டன் உருகும். ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) போனால் பிளக் கரியாகும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் கழுவப்படும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிச் சாகும். இதைச் சத்தத்தை வைத்தோ புகையை வைத்தோ கண்டுபிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். பிஸ்டனைக் கெடுக்கும் அளவுக்கு லீனான கலவை கண்ணுக்கும் காதுக்கும் எதுவும் சொல்லாது.

புகையை அளந்து கலவையை எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் கேஜ் வாங்கி மாட்டியவர்கள் செய்யும் முதல் தவறு, சாதாரணமாக ஓட்டும்போது அதில் 1.00 (சரியான கலவை) தெரிவதைப் பார்த்து நிம்மதி அடைவது. அந்த நேரத்தில் எஞ்சின் குளோஸ்டு லூப்பில் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்து ஈசியூவே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து கலவையை 1.00-க்கு இழுத்து வந்துவிடும். அடியில் கணக்கு 15 சதவீதம் தவறாக இருந்தாலும் கேஜ் அதைக் காட்டாது. ஃப்யூல் ட்ரிம்தான், அதாவது ஈசியூ அப்படிக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்தான், காட்டும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது பெரும்பாலான வண்டிகள் ஓப்பன் லூப்புக்குப் போய்விடும். அங்கே உடனடித் திருத்தம் நின்றுவிடுவதால் ட்ரிம் புதிதாக எதுவும் சொல்லாது. வைட்பேண்டை மட்டுமே நம்ப முடியும். ஆகவே நிதானமாக ஓடும்போது ட்ரிம், முழு மிதியில் கேஜ். எந்த நிலையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

லாம்ப்டாவிலேயே படியுங்கள்

தூய பெட்ரோலுக்கு முழு எரிப்பு விகிதம், எடையில், காற்று 14.7-க்கு பெட்ரோல் 1. பத்து சதவீதம் எத்தனால் கலந்தால் அது ஏறத்தாழ 14.1 ஆகிறது, ஈ85 எரிபொருளுக்கு 9.8-க்கு அருகில். கேஜுக்கு நீங்கள் என்ன ஊற்றினீர்கள் என்று தெரியாது. அது லாம்ப்டாவை (உண்மையான விகிதத்தை முழு எரிப்பு விகிதத்தால் வகுத்த எண்) அளந்து, 14.7-ஆல் பெருக்கி, ஒரு எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான். லாம்ப்டா 1.00 என்றால் எந்த எரிபொருளிலும் சரியான கலவை; அதற்குக் கீழே ரிச், மேலே லீன். கேஜில் அலகை மாற்றும் வசதி இருந்தால் இன்றே லாம்ப்டாவுக்கு மாற்றிவிடுங்கள்.

பொதுவான இலக்குகள் இவை: ஐட்லிங்கிலும் சீரான ஓட்டத்திலும் 1.00. டர்போ இல்லாத எஞ்சினில் முழு மிதியில் 0.86 முதல் 0.90 வரை. டர்போ எஞ்சினில் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) முழுதாக இருக்கும்போது 0.78 முதல் 0.82 வரை. கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கேஜ் லீன் எல்லைக்கே ஓடிவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அப்போது ஈசியூ பெட்ரோலையே நிறுத்தியிருக்கிறது.

சென்சாரைப் பொருத்துதல்

கம்பெனி வண்டியில் வரும் பழைய வகை நேரோபேண்ட் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை காட்டும், 0.45 வோல்ட்டைச் சுற்றி ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும். 0.80-க்கும் 0.88-க்கும் உள்ள வித்தியாசத்தை அதிலிருந்து படிக்க முடியாது. தனியாக வைட்பேண்ட் வேண்டும். இன்று பெரும்பாலான கேஜ்களில் வருவது பாஷ் எல்எஸ்யு 4.9 வகை சென்சார்.

இடம் முக்கியம். டர்போ வண்டியில் டர்போவுக்குப் பின்னால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால். டர்போவுக்கு முன்னால் வைத்தால் வெப்பம் சென்சாரைத் தின்றுவிடும். அங்கிருக்கும் அழுத்தம் அளவையும் திரித்துவிடும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் வைத்தால் வேதிவினை முடிந்த புகையை அளப்பீர்கள். சென்சார் இருக்கும் இடத்தில் புகையின் வெப்பம் 930 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. டர்போவிலிருந்தோ எக்ஸாஸ்ட் போர்ட்டிலிருந்தோ 60 முதல் 90 செ.மீ. தள்ளி வைப்பது பாதுகாப்பு.

பைப்பில் துளையிட்டு, 18 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. பிட்சும் கொண்ட மரை உள்ள ‘பங்’ என்ற உலோக வளையத்தை (சென்சாரைத் திருகி மாட்டும் இடம்) வெல்டு செய்ய வேண்டும். சென்சாரை அதில் மாட்டிவைத்துக்கொண்டு வெல்டு அடிக்காதீர்கள். சென்சார் பைப்பின் மேல் பாதியில், கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி உயர்ந்து, நுனி கீழ்நோக்கி இருக்க வேண்டும். அடியில் வைத்தால் பைப்பில் தேங்கும் தண்ணீர், சூடான பீங்கான் நுனியில் பட்டு விரிசல் விடும். இறுக்கும் அளவு 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். மரையில் தடவும் ஆன்டி-சீஸ் பசை நுனியில் படக் கூடாது. அருகில் சிலிக்கோன் சீலன்ட் பயன்படுத்தினால் சென்சாருக்கு ஏற்றதா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண சிலிக்கோன் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

ஒயர் நீளம் போதவில்லை என்று சென்சாரின் கனெக்டரை வெட்டி ஒட்டுபவர்கள் உண்டு. அந்தக் கனெக்டருக்குள் அந்த ஒரு சென்சாருக்கென்று அளந்து வைத்த ரெசிஸ்டர் இருக்கிறது. அதை வெட்டி எறிந்தால் கேஜ் வேலை செய்யும், ஆனால் பொய் சொல்லும். நீட்ட வேண்டுமானால் சென்சாரை இயக்கும் கன்ட்ரோலருக்கும் கேஜுக்கும் நடுவில் நீட்டுங்கள்.

கரன்ட் இணைப்பை இக்னிஷனோடு வரும், ஃப்யூஸ் உள்ள லைனிலிருந்து எடுங்கள். எஞ்சின் ஓடும்போது சென்சாருக்கு ஹீட்டர் கரன்ட் போகாமல் இருந்தால் சில நாளிலேயே கரி படிந்து செத்துவிடும். கேஜைக் கழற்றி வைத்தால் சென்சாரையும் கழற்றி, துளைக்கு மூடி போட்டுவிடுங்கள்.

கன்ட்ரோலரின் 0–5 வோல்ட் அவுட்புட்டை ஈசியூவுக்கோ, வாசிப்புகளைப் பதியும் லாக்கருக்கோ கொடுத்தால், கிரவுண்டை ஈசியூ கிரவுண்டிலேயே சேருங்கள். 0–5 வோல்ட் என்பது 10 முதல் 20 வரையான விகிதத்தைக் குறித்தால், 0.1 வோல்ட் கிரவுண்டு பிழை 0.2 விகிதத் தவறு. கேஜ் 12.0 காட்டும், லாக் 12.2 காட்டும். எதை நம்புவது என்று அப்போது குழம்ப வேண்டியிருக்கும்.

நம்புவதற்கு முன் சோதியுங்கள்

சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், கேஜ் லீன் காட்டும். ஐட்லிங்கில் இது அதிகம் தெரியும். எஞ்சின் ஆறியிருக்கும்போது வேக்குவம் கிளீனரை ஊதும் பக்கம் மாற்றி சைலன்சர் வாயில் வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடமெல்லாம் கசிவு.

கசிவு இல்லை என்றானபின் சென்சாரைப் பாருங்கள். சூடான எஞ்சின் குளோஸ்டு லூப்பில் ஐட்லிங் செய்யும்போது 1.00-ஐ ஒட்டியும், காலை எடுத்த இறக்கத்தில் லீன் எல்லையிலும் காட்ட வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் சென்சாரை நம்பலாம். பழைய எல்எஸ்யு 4.2 வகை என்றால் அவ்வப்போது திறந்த காற்றில் வைத்து அளவு சரிசெய்ய வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. சிலிண்டரில் மிஸ்ஃபயர் ஆனால் எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வரும். சென்சார் பார்ப்பது ஆக்சிஜனைத்தான், எனவே லீன் என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் மிஸ்ஃபயர் இன்னும் மோசமாகும், கேஜ் இன்னும் லீன் காட்டும். ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமான கேம் போட்ட எஞ்சினும் ஐட்லிங்கில் இதே பொய்யைச் சொல்லும். அங்கே எண்ணை விட்டுவிட்டு, எஞ்சின் எந்தக் கலவையில் சீராக நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரிமைப் படித்தல்

ஈசியூவின் எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில், உடனுக்குடன் திருத்தும் குறுகிய கால ட்ரிம், ஈசியூ கற்று வைத்திருக்கும் நீண்டகால ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பிளஸ் என்றால் ஈசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது, அதாவது அடிக்கணக்கு லீன். பிளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நலம். 10-ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். இன்னும் தாண்டிப் போனால் லீனுக்கு பி0171, ரிச்சுக்கு பி0172 என்ற பிழைக் குறியீடு வரும்.

எண்ணைவிட, அது எங்கே கூடி எங்கே குறைகிறது என்பதே கூடுதலாகப் பேசும். ஐட்லிங்கில் பிளஸ் அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் வேக்குவம் லீக். கசியும் காற்று எப்போதும் ஏறக்குறைய அதே அளவு, மொத்தக் காற்று கூடும்போது அதன் பங்கு சிறுத்துவிடுகிறது. சுமை ஏற ஏற பிளஸ்ஸும் ஏறினால் ஃப்யூல் பம்ப், ஃபில்டர் அல்லது காற்றைக் குறைத்துச் சொல்லும் மேஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது). பெரிய இஞ்செக்டர் போட்டபின் ஐட்லிங்கில் மட்டும் பிழை பெரிதாக இருந்து மேலே மறைந்தால், இஞ்செக்டர் திறக்க எடுக்கும் நேரத்தின் எண் தவறு. எல்லா இடத்திலும் ஒரே அளவு பிழை என்றால் இஞ்செக்டரின் கொள்ளளவோ மேஃப் அளவுகோலோ தவறு.

அந்த மேஃப் கதையைக் கணக்காகவே பாருங்கள். 70 மி.மீ. குழாயில் இருந்த மேஃப் சென்சாரை 76 மி.மீ. இன்டேக்கில் மாட்டினால் குழாயின் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகப் போவதால் சென்சார் ஏறக்குறைய 15 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. நிதான ஓட்டத்தில் ட்ரிம் பிளஸ் 18-க்குப் போய் அதை மறைத்துவிடும். பல ஈசியூக்கள் கற்றுக்கொண்ட நீண்டகால ட்ரிமை முழு மிதியிலும் சேர்த்துக்கொள்வதால் அங்கேயும் தப்பித்துவிடலாம். பிறகு ஒரு நாள் பேட்டரியைக் கழற்றி மாட்டுவீர்கள். கற்றது அழிந்துவிடும். அடுத்த முழு மிதியில் 0.86 கேட்ட இடத்தில் 1.01 கிடைக்கும். ட்ரிமால் பிழையை மறைத்து வைத்திருக்கும் வண்டி நன்றாக ஓடுகிறது என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானாலும் மேஃப் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

முழு மிதி லாக்

டைனோவிலோ (வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டி அளக்கும் கருவி) மூடிய தடத்திலோ மட்டும் செய்யுங்கள். ஓட்டுபவர் கேஜைப் பார்க்கக் கூடாது. லாக்கர் பார்க்கட்டும், அல்லது பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும். ஆர்பிஎம், மேனிஃபோல்ட் அழுத்தம், த்ராட்டில், அளந்த லாம்ப்டா, ஈசியூ கேட்ட லாம்ப்டா, ஃப்யூல் பிரஷர், நாக், இன்டேக் வெப்பம் ஆகியவற்றைப் பதியுங்கள். விலை குறைந்த ஓபிடி அடாப்டரில் இத்தனையையும் கேட்டால் நொடிக்கு ஒன்றிரண்டு வாசிப்புகள்தான் வரும். முழு மிதிக்கு அது போதாது.

முதல் ஓட்டம் பாதி ஆர்பிஎம் வரை. கேட்டதற்கும் அளந்ததற்கும் வித்தியாசம் 0.05-க்கு மேல் லீன் பக்கம் போனால் உடனே காலை எடுங்கள், முழு ஓட்டத்துக்குப் போகாதீர்கள். புகை சென்சாரை அடைய நேரம் எடுப்பதால் லாம்ப்டா வாசிப்பு சற்றுப் பின்தங்கியே வரும். 5000 ஆர்பிஎம்மில் தெரியும் எண் அதற்குக் கீழே நடந்தது. ஈசியூவின் பெட்ரோல் டேபிளைத் திருத்தும்போது இதை மறந்தால் தவறான கட்டத்தில் கை வைப்பீர்கள்.

திருத்தும் கணக்கு எளிது: அளந்த லாம்ப்டாவை இலக்கால் வகுங்கள். 0.92 அளந்து 0.86 வேண்டுமென்றால் 1.07, அந்தக் கட்டத்தில் 7 சதவீதம் பெட்ரோல் கூட்டுங்கள். கூட்டியும் லாம்ப்டா அசையவில்லை என்றால் டேபிளை விட்டுவிட்டு பெட்ரோல் வரத்தைப் பாருங்கள். இஞ்செக்டரின் திறப்பு நேரத்தை மில்லிவினாடியில் எடுத்து, ஆர்பிஎம்மால் பெருக்கி, 1200-ஆல் வகுத்தால் டியூட்டி (இஞ்செக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) சதவீதம் வரும். 6500 ஆர்பிஎம்மில் 15.7 மில்லிவினாடி என்றால் 85 சதவீதம்; அதற்கு மேல் போகவிடாமல் பெரிய இஞ்செக்டருக்கு மாறுங்கள். பூஸ்டைப் பின்தொடரும் ரெகுலேட்டர் உள்ள வண்டியில் அடிப்படை பிரஷர் 3 பார் என்றால் 1 பார் பூஸ்டில் 4 பார் காட்ட வேண்டும். ஆர்பிஎம் ஏறும்போது பிரஷர் சரிந்தால் பம்ப் போதவில்லை. எந்த டேபிளும் அதைச் சரிசெய்யாது.

ஒரே சென்சார் எல்லா சிலிண்டர்களின் சராசரியைத்தான் சொல்கிறது. ஒரு இஞ்செக்டர் அடைத்துக்கொண்டு மற்றவை ரிச்சாக இருந்தாலும் எண் அழகாகவே வரும். அதனால் லாக் சரியாக வந்த பிறகும் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்த இஞ்செக்டரைச் சோதனைக்கு அனுப்புங்கள்.